பிலோமினா அக்கா அழைத்துவந்த ராணி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. "அக்கா போயிட்டாங்க மேடம்" என்றார் பிலோமினா அக்காவின் தங்கை ஸ்டெல்லா. நான் ரயில்வே போலீஸில் தலைமைக் காவலர். ரயிலில் அடிபட்டு இறந்தவர்களின் வீடுகளுக்குத் தகவல் சொல்வது பதினோரு ஆண்டுகளாக என் வேலை. இப்படிப்பட்ட செய்தியைச் சொல்லத் தெரிந்த எனக்கு, கேட்டுக்கொள்ளத் தெரியவில்லை. ஒரு காலில் மட்டும் ஷூவோடு வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

சூரமங்கலத்தில் உங்களில் பலருக்கு அவர் வலிக்காமல் ஊசி போடும் நர்ஸம்மா. ஓய்வுபெற்ற பிறகு, ராணி என்ற செவலை நாயோடு மாலையில் நடப்பவர். ரயிலில் தவறவிட்ட ஒரு பையைத் தேடித்தான் முதன்முதலில் ராணியோடு எங்கள் நிலையத்துக்கு வந்தார்.

அன்று தண்டவாளத்தைக் கடக்கும்போது ஓர் இளைஞன் இறந்திருந்தான். என் மேசையிலிருந்த அவனுடைய ஃபோன் ஒலித்தது. திரையில் 'அம்மா' என்றிருந்தது. எடுத்து, அவன் இறந்துவிட்டதைச் சொன்னேன். "அவங்கிட்டக் குடுங்க, நான் பேசறேன்" என்று அந்தத் தாய் திரும்பத் திரும்பக் கேட்டார். பேசி முடித்து அறிக்கை எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. அப்போது ராணி வந்து என் முழங்காலில் தாடையை வைத்தது. தள்ளிவிட்டேன். மறுபடியும் வைத்தது.

"இருக்கட்டும் உடுங்க சாமி" என்றார் அக்கா. எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சற்று நேரத்தில் என் கை அதன் தலைமேல் இருந்தது.

அதன்பின் ஞாயிறு தவிர எல்லா மாலையும் இருவரும் வந்தார்கள். "இது ஸ்டேஷனா, நாய்ப் பண்ணையா?" என்று எங்கள் சப்-இன்ஸ்பெக்டர் சிடுசிடுத்தார்.

"ஏனுங்க சார், அழுவறவங்களப் பாத்துக்கச் சொந்தபந்தம் இருக்குது. உங்களையெல்லாம் பாத்துக்க ஆரு இருக்கறாங்க?" என்றார் அக்கா.

சப்-இன்ஸ்பெக்டர் தன் அறைக்குள் போய்விட்டார். சில வாரங்கள் கழித்து, ஒரு குழந்தையின் உடலை எடுத்துவந்த நாளில், அவரே வாசலுக்கு வந்து நின்று, "ராணி இன்னும் வரலையா?" என்று கேட்டார்.

அக்காவும் ஒருமுறை தவறினார். மகளை இழந்து நிலையத்தில் காத்திருந்த ஒருவரிடம் ராணியை அழைத்துப் போனார். நாயைக் கண்டதும் அந்த மனிதர் பதறி எழுந்து கத்தினார். அக்கா கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். "அவரக் கேக்காம நானாக் கூட்டிட்டுப் போனது தப்புத்தான்" என்று எங்களிடமும் சொன்னார்.

புற்றுநோய் என்று தெரிந்து மருத்துவமனையில் சேர்த்தபோது, ராணியை வாசல்வரை கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

"எனக்கெதுக்கு சாமி? மருந்துல நான் பாதி நேரம் தூங்கிக்கறேன். ஸ்டெல்லாதான் கண்ண மூடாம உக்காந்திருக்கா. அவள என் ஊட்டுக்கு அனுப்பு. ராணியோட கொஞ்ச நேரம் இருந்துட்டு வரட்டும்."

நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு மணி நேரம் கழித்து ஸ்டெல்லா திரும்பினார். கண்கள் வீங்கியிருந்தன. நாய் முடி ஒட்டிய சேலையோடு உட்கார்ந்து, நான் வாங்கிவந்திருந்த இட்லியை முழுதும் சாப்பிட்டார். கட்டிலிலிருந்து அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்ததும் ராணியை நாங்கள் வைத்துக்கொள்ளலாமா என்று சப்-இன்ஸ்பெக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எங்கூடவே இருக்கட்டுங்க சார்" என்றார் ஸ்டெல்லா. சப்-இன்ஸ்பெக்டர் வற்புறுத்தவில்லை. இப்போது ராணி தம்மம்பட்டியில் ஸ்டெல்லாவின் வீட்டில் இருக்கிறது. முதல் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம், இப்போது சாப்பிடுகிறதாம்.

தைரியமான பொம்பளை என்று துறையில் எனக்கொரு பெயர் உண்டு. எந்த வீட்டுக்குத் தகவல் சொன்னாலும் குரல் நடுங்காது என்பார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றவே பல ஆண்டுகள் செலவழித்தேன். இப்போது அது எனக்குத் தேவைப்படவில்லை. பேசி முடித்தபின் அழுகை வந்தால், இருக்கிற இடத்திலேயே அழுகிறேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு அறிக்கை எழுதுகிறேன். எங்களைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று கேட்ட அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான்.