பூசை ரசத்தைத் துப்பியவன்

இந்த விவகாரம் தொடங்குவதற்கு முன்பே திண்டுக்கல்லில் நான் அறியப்பட்டவன். திருச்சியில் கல்லூரியில் இரசாயனம் படித்துப் பட்டம் பெற்று, கத்தோலிக்கக் கோயிலின் நிர்வாகத்திலிருந்த உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியனாக இருந்தேன். கடைத்தெருவில் நின்று எவரோடும் அரட்டை அடித்ததில்லை. என்னைக் கண்டதும் மாணவர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய தகப்பன்மாரும் பீடியை மறைத்தார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னாளில் என்னைப் பற்றிப் பேசிய வாய்கள் எத்தகையவை என்று எடைபோட வாசகருக்கு ஓர் அளவு வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

பூசைக்கு வேண்டிய திராட்சரசம் முன்பெல்லாம் கப்பலில் வந்துகொண்டிருந்தது. ஐம்பதுகளில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் இறுகியபின், பங்கு என்ற கோயில் வட்டாரங்களைக் கவனித்த பங்குச்சாமியார்கள் உள்ளூர்த் தோட்டங்களை நம்ப வேண்டியதாயிற்று. சிறுமலை அடிவாரத்தில் பன்னீர் திராட்சை பயிரிட்ட கத்தோலிக்கக் குடும்பங்கள் சில இருந்தன. மாகாணம் முழுவதும் மதுவிலக்கு இருந்தபோதிலும், பூசைக்கென்று அனுமதி பெற்று ரசம் வடிக்க அவர்களுக்கு உரிமை இருந்தது. உரிமை இருந்தது, அறிவு இல்லை. பழத்தைப் பானையில் பிசைந்து, வாயைத் துணியால் கட்டி, மாட்டுக்கொட்டகையின் மூலையில் வைத்துவிட்டு, மீதியை மாதா பார்த்துக்கொள்வாள் என்று இருந்தார்கள். மாதா பார்க்கவில்லை. ஓர் ஈஸ்டர் பூசையில் பாத்திரத்தை உதட்டில் வைத்த எங்கள் பங்குச்சாமியாரின் முகம் கோணியதை நான் முன்வரிசையிலிருந்து கண்டேன். அது ரசமல்ல, புளித்துப்போன காடி.

பூசை முடிந்ததும் அவர் எனக்கு ஆளனுப்பினார். பள்ளிக்கு நிர்வாகியும் அவரே. லிட்மஸ் தாளும் ஹைட்ரோமீட்டரும் கொண்டுசென்று சோதித்து, பானையைக் கொதிநீரால் சுத்தம் செய்யாததும் காற்றுப் புக விட்டதுமே காரணம் என்று விளக்கினேன். அவர் மற்றச் சாமியார்களிடம் சொன்னார். ஓரிரு அறுவடைகளுக்குள் சனிக்கிழமைதோறும் ஏதாவதொரு பங்கிலிருந்து அழைப்பு வரும் என்ற நிலை உண்டாயிற்று. எந்தத் தோட்டத்து ரசம் பூசைக்குத் தகும், எது தகாது, எத்தனை காலம் தாங்கும் என்று நான் சொல்வேன். எவருடைய சம்பளத்துக்கும் கட்டுப்படாத ஆலோசகன் நான். வாங்குகிற பங்கிடம் மட்டும் கட்டணம் பெற்றேன். விற்கிற தோட்டக்காரர்கள் கொண்டுவந்த கோழிகளையும் வாழைத்தார்களையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். அவர்களில் பலருக்கு அது அவமானமாகப் பட்டது. நேர்மையை அவமானமாகக் கருதுகிறவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்?

என் முறை எளியது. முதலில் கருவி, பிறகு மூக்கு, பிறகு நாக்கு. வாயில் ஒரு கரண்டி அளவு எடுத்து, நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி வைத்திருந்து, துப்பிவிடுவேன். எங்கள் கோயிற்பிள்ளைக்கு, அதாவது பலிபீடத்துச் சாமான்களைக் கவனித்துக்கொண்டிருந்த ஊழியருக்கு, இது கடைசிவரை விளங்கவில்லை.

"ருசி பாக்குறதுன்னா உள்ள போகணும்ல சார்? வாசலோட திருப்பி அனுப்புனா விருந்தாளிக்கு மரியாதையா?" என்று கேட்டார்.

கோயில் அலமாரியிலிருந்த ரசம் ஏன் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

நான் விழுங்காததற்குச் சுவைப்பு முறை மட்டும் காரணமல்ல. மதுவிலக்குக் காலத்தில் ஓர் ஆசிரியன் குடித்தான் என்று ஒரு சொல் பிறந்தால் அவன் வேலை போயிற்று. அவன் பெயரும் போயிற்று. ஆகையால் துப்பிய பிறகும் உப்பிட்ட வெந்நீரால் வாய் கொப்பளித்துவிட்டே பஸ் ஏறுவேன். இவ்வளவு கவனமாக இருந்தவனை ஊர் எந்தப் பக்கமிருந்து தாக்கும் என்பதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை.

அடிவாரத்துக் கிராமம் ஒன்றில் பெரிய திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் இருந்தார். கிராமத்துச் சிற்றாலயத்துக்கு மணி வாங்கிக் கொடுத்தவர். அந்த மணி அடிக்கும்போதெல்லாம் சுற்றியிருப்பவர்கள் தன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர். சுற்றுவட்டாரப் பங்குகள் அனைத்துக்கும் தாமே ரசம் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் வடித்த ரசத்தைச் சோதித்துவரும்படி பங்குச்சாமியார் என்னை அனுப்பினார். போனபோது வாசலில் நாற்காலி போட்டு, வீட்டாரும் வேலையாட்களும் கூடி நின்றார்கள். கண்ணாடித் தம்ளரில் ரசம் வந்தது. மூக்கருகே கொண்டுபோனதுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் முறை தவறக் கூடாது என்று வாயில் வைத்தேன். ஏலக்காய், கிராம்பு, சுக்கு. அடியில் வெல்லம். பூசை ரசமென்று பானகம் காய்ச்சி வைத்திருந்தார்கள்.

பக்கத்து வாய்க்காலில் துப்பினேன்.

"சேசு மரி சூசையே!" என்று அலறினார் தோட்டக்காரரின் மனைவி. "பூசை ரசத்தைத் துப்புறாகளே! சாமி ரத்தத்தத் துப்புறாகளே!"

"அம்மா, இது சாமி இரத்தமல்ல. பூசையில் குருவானவர் தேவவாக்கியம் சொல்லும் வரையில் இது வெறும் பழச்சாறு. நீங்கள் செய்திருப்பது பழச்சாறும் அல்ல. இதில் என்னென்ன போட்டீர்கள்?"

தோட்டக்காரர் முன்வந்தார். "சாமிக்குக் குடுக்கிறதுங்கய்யா. வெறுஞ் சாறாவா குடுப்பாக? ஏலக்கா, கிராம்பு, செத்தோண்டு சுக்கு. வெல்லம் கொஞ்சம் தாராளமா. எல்லாம் இவ கைப்பக்குவம்."

"திராட்சையைத் தவிர வேறெதுவும் கலக்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். இப்படிக் கலந்ததை வைத்துச் செய்கிற பூசை பூசையாகாது."

"நல்லதப் போட்டா கெட்டுப்போகுமாக்கும்? அம்புட்டுச் சட்டமும் எங்களுக்குத்தானா?"

பக்தி இருந்தால் படிப்புத் தேவையில்லை என்று நம்புகிற மனிதரோடு வாதாடுவது என் வழக்கமல்ல. தகாது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

நான் பஸ்ஸில் ஊர் வந்து சேர்வதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது. கிராமத்தில், வாத்தியார் சாமி ரத்தத்தைத் துப்பினார் என்றார்கள். அதுவே நகரத்துக்கு வந்தபோது வாத்தியார் தோட்டம் தோட்டமாகப் போய்க் குடிக்கிறார் என்று ஆயிற்று. துப்பியவன் எப்படிக் குடித்தான், குடித்தவன் எதைத் துப்பினான் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு கதைகளையும் ஒரே வாய் ஒரே மூச்சில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வாய்க்கு உரியவர் தாலுகா அலுவலகத்தில் பொறுப்பான பதவியில் இருந்தவர்.

பங்குச்சாமியார் என்னை அழைத்தார். நல்லவர்; ஆனால் ஊர் முணுமுணுத்தால் அவருக்கு உறக்கம் வராது.

"சார், பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேரு வந்துரக் கூடாது. நீங்க வேல பாக்குறதே கோயில் பள்ளிக்கூடத்துல. பேசாம இனிமே துப்பாம முழுங்கிருங்களேன். ஒரு வாய்தானே?"

"விழுங்கினால் குடிகாரன், துப்பினால் தேவ துரோகி. இரண்டில் எந்தப் பெயரோடு நான் வகுப்புக்குப் போக வேண்டும் என்று தாங்களே சொல்லுங்கள்."

 அவர் மேசைமீதிருந்த ஜெபமாலையை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். பிறகு, அந்தத் தோட்டக்காரர் ஏலக்காய் முதலியவற்றை விட்டுவிட்டுப் புதிதாக ரசம் வடித்திருப்பதாகவும், கிராமத்துத் திருவிழா அன்று பூசைக்குப்பின் எல்லார் முன்னிலையிலும் நான் அதைச் சோதித்துச் சொல்ல வேண்டும் என்று கேட்பதாகவும் தெரிவித்தார். மறுத்தால் என்மேல் சொல்லப்பட்டது உண்மையென்று ஆகிவிடும். என் வேலை அந்தத் தம்ளரில் இருந்தது. வருகிறேன் என்றேன்.

திருவிழாப் பூசை முடிந்து, ஆலய முற்றத்துப் பந்தலில் ஊரே கூடியிருந்தது. தோட்டக்காரர் விருந்துக்கு அழைத்திருந்த மதுவிலக்குப் போலீஸ்காரர் ஒருவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். ஏற்பாடு எனக்குப் புரிந்தது: விழுங்கினால் குடித்ததற்குப் போலீஸ் சாட்சி, துப்பினால் துரோகத்துக்கு ஊர் சாட்சி.

"வாத்தியாரய்யா குடிச்சுப் பாத்துச் சொல்லட்டும்" என்றார் தோட்டக்காரர், ஊர் முழுவதும் கேட்கும்படி. "ஆனா துப்பக் கூடாது. துப்புனா சனம் தாங்காது."

போலீஸ்காரர் சிரித்தார். பந்தலின் பின்புறமிருந்து ஒருவன், "முழுங்குங்க சார், நாங்க யார்ட்டயும் சொல்ல மாட்டோம்!" என்று குரல் கொடுத்தான். சிரிப்பு எழுந்தது.

நான் தம்ளரை வாங்கிப் பங்குச்சாமியாரிடம் நீட்டினேன். "சுவாமி, இதை வைத்துப் பூசை செய்யப்போவது தாங்கள். முதலில் தாங்கள் சுவைத்துத் துப்புங்கள். பிறகு நான்."

"நானுமா சார்?"

"பூசைக்கு முன் இது வெறும் சாறு என்று ஞானோபதேசத்தில் எனக்குக் கற்பித்தது திருச்சபை. அது உண்மையானால் துப்புவதில் குற்றமில்லை. குற்றம் என்றால் அதையும் இப்போதே எல்லாரும் கேட்கச் சொல்லிவிடுங்கள்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அன்பு இல்லை. ஆனாலும் வேறு வழியும் இல்லை. ஒரு வாய் எடுத்தார், கன்னத்தில் ஒதுக்கினார், பந்தல் காலோரம் துப்பினார்.

பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"சாமியாரே துப்பிட்டாருப்பா" என்றது ஒரு குரல்.

"அப்பத் துப்பலாம்போல."

"துப்பணும்னு இருக்கும்ல. நமக்கென்ன தெரியும்?"

முன்பு என்னைப் பார்த்து அலறிய அதே அம்மாள் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு, சாமியார் வாய் கொப்பளிக்கச் செம்பில் தண்ணீரோடு ஓடிவந்தார். நான் செய்தபோது துரோகம். அங்கி அணிந்தவர் செய்தபோது சடங்கு. அந்தப் பந்தலில் இருந்தவர்களின் விசுவாசம் அவ்வளவுதான்.

அடுத்து நான் சுவைத்தேன், துப்பினேன். அதை ஒருவரும் கவனிக்கக்கூட இல்லை. போலீஸ்காரர் கறிக்குழம்பு வாசம் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குச் சுத்தமாத்தான் தெரியுது" என்றார் சாமியார்.

"வெல்லம் இருக்கிறது" என்றேன்.

தோட்டக்காரர் துள்ளினார். "மாதா மேல சத்தியமாச் சொல்றேன், ஏலக்கா இல்ல, கிராம்பு இல்ல, ஒண்ணும் இல்ல! இந்த வாத்தியாருக்கு எம்மேல காய்ச்சல்!"

சத்தியத்தில் வெல்லம் இடம்பெறவில்லை என்பதை நான் கவனித்தேன். அவரோடு பேசிப் பயனில்லை. செம்போடு நின்ற அவர் மனைவியின் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னேன்: "அதுவும் மட்டமான வெல்லம். மண் கரிக்கிறது. சாமிக்கு என்று வாங்கும்போதாவது கொஞ்சம் பார்த்து வாங்கியிருக்கலாம்."

"மட்டமா?" அந்த அம்மாளின் முகம் சிவந்துவிட்டது. "என்னாங்க பேசுறீக? செம்பட்டிச் சந்தையில நானே நாக்குல வச்சுப் பாத்து வாங்குன அச்சு வெல்லம்! எங்க வீட்டுப் பொங்கலுக்குக்கூட அம்புட்டு ஒசத்தி போட்டதில்ல!"

"ஏ, வாய மூடுடி!" என்று கத்தினார் தோட்டக்காரர்.

அவர் கத்துவதற்குள் ஊர் முழுவதும் கேட்டுவிட்டது. வெல்லத்தில் மண் கரித்ததா என்றால், இல்லை, நல்ல வெல்லம்தான். தம் பக்குவத்தைக் குறைசொன்னால் சத்தியத்தைக்கூட மறந்துவிடுவார்கள் என்பதை அந்த வீட்டு வாசலில் ஒருமுறை நின்றபோதே அறிந்திருந்தேன். அதைப் பயன்படுத்தினேன்.

திரும்பும் வழியில் சாமியார் இன்னொரு முறை வாய் கொப்பளித்தார். பிறகு, "பள்ளிக்கூடத்துப் பேச்சு இனி வேண்டாம் சார். நான் பாத்துக்கிறேன்" என்றார். அந்த ரசத்தை எந்தப் பங்கும் வாங்கவில்லை. அடுத்த அறுவடையில் தோட்டக்காரர் வெறும் திராட்சையில் வடித்து, என் சோதனைக்கு அனுப்பினார். தகுந்ததாயிருந்தது, தகும் என்றேன். பகை என் நாக்கை மாற்றியதில்லை. அதற்குப் பிறகு நான் ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டேன்: எந்த ஊரிலும் பங்குச்சாமியார் முதலில் துப்பினால்தான் நான் துப்புவேன். எல்லாரும் துப்பினார்கள். சிலர் விருப்பத்தோடு துப்பியதாகச் சொல்ல முடியாது.

ஊர் வாய் அடங்கியதா? இல்லை. வெல்லத்தை நாக்கால் கண்டுபிடித்ததையே எனக்கு எதிராகத் திருப்பினார்கள். "நாக்கு அம்புட்டுத் தேறியிருக்குன்னா உள்ள எம்புட்டுப் போயிருக்கணும்?" என்று டீக்கடைகளில் பேசினார்கள். இன்று அந்தக் கூட்டத்தின் பிள்ளைகள் இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறார்கள்: நான் குடித்ததற்காகப் பங்குச்சாமியார் என்னைப் பள்ளியிலிருந்து நீக்கினாராம்.

என்னை எவரும் நீக்கவில்லை. அதே பள்ளியில் வேலை பார்த்து, வயது நிறைந்து ஓய்வு பெற்றேன். சோதித்த ரசத்தில் ஒரு சொட்டையும் நான் விழுங்கியதில்லை.