உயிரோட இருந்த அக்காவுக்கு அஞ்சலி

அருள்மேரி... அக்கா... நீ உயிரோட இருக்கசொல்லவே நீ செத்துட்டேன்னு சொன்னவன் நான்தான்.

இத படிக்கிற நீங்க யாரோ, எவரோ. அதான் உங்ககிட்ட சொல்றேன். எங்கம்மாவாண்ட இன்னும் சொல்லல. எட்டாவதோட நின்னவன் நானு, எழுத வராது. போன்ல பேசறேன், அதுவா எழுதிக்குது. தப்பு இருந்தா இருக்கட்டும்.

எங்க ஊரு கண்டமங்கலத்து பக்கம். அப்பா இல்ல. அம்மா, அக்கா, நானு, அவ்ளோதான் வீடு. அக்கா பாண்டி பக்கம் சோப்பு கம்பெனிக்கு வேன்ல போய்க்கினு வந்துக்கினு இருந்தா. நான் விக்கிரவாண்டி டோல்கேட்டாண்ட ஒரு பஞ்சர் கடையில வேல செய்யறேன்.

அக்கா கவிதை எழுதுவா. வேன்ல ஜன்னலோரம் குந்திக்கினு போன்லயே எழுதுவா. எந்த நாட்டுக்காரங்க வேணா எந்த பாஷையில வேணா எழுதி அனுப்பலாம்னு வடக்க ஒரு பெரிய இலக்கிய விழா. அதுல பரிசு குடுக்கறாங்கன்னு அக்காவும் அனுப்பிச்சா. கம்பெனி உள்ள போவசொல்ல கேட்டாண்டயே எல்லாரு போனையும் வாங்கி ஒரு பெட்டியில போட்டு பூட்டிடுவாங்க. பகல்ல எவன் கூப்ட்டாலும் எடுக்க முடியாது. அதனால என் நம்பரை குடுத்தா.

"தம்பி, யாராவது பேசினா மரியாதையா பேசுடா. உன் பஞ்சர் கடை வாயி வாணாம்."

"உனுக்கு யாருக்கா போன் பண்ண போறாங்க?"

"பண்ணுவாங்க. நீ பேசு, போதும்."

எங்க கடையில ஒரு பழக்கம் இருக்குது. லாட்டரி விழுந்துச்சு, ஓடிபி சொல்லுன்னு ஏமாத்தறவன் கூப்ட்டா கட் பண்ண மாட்டோம். ஸ்பீக்கர்ல போட்டு கலாய்ப்போம். டயர் மாத்தற வரைக்கும் லாரிக்காரங்களுக்கு அதான் சினிமா. அதுல நான்தான் ஹீரோ.

அன்னிக்கு மத்தியானம் தெரியாத நம்பர் ஒண்ணு வந்துச்சு. ஓனர் பாய் பாத்துட்டு, "வந்துட்டான்டா மாப்ள. ஜல்தி ஸ்பீக்கர்ல போடு"ன்னாரு.

ஒரு பொம்பள குரல். தமிழ்தான், ஆனா நம்ம பக்கத்து தமிழ் இல்ல. வார்த்தைய தேடித் தேடி பேசினாங்க. "வணக்கம். பரிசு கிடைச்சிருக்கு. டிக்கெட் போடணும், ஆதார் நம்பர் வேணும்."

"காரா மேடம், குக்கரா?"

டிரைவர் அண்ணன் ஒருத்தரு சிரிச்ச சிரிப்புல டீயை துப்பிட்டாரு.

"இல்லைங்க, கவிதைக்கு... அருள்மேரி அவங்ககிட்ட பேசலாமா?"

"அருள்மேரியா? அது செத்து ஒரு மாசம் ஆவுது. மோட்சத்துக்கு லைன் போட்டு பேசிக்கங்க."

கடையே சிரிச்சுது. அந்தம்மா, "மன்னிச்சிடுங்க... ரொம்ப வருத்தமா இருக்கு"ன்னாங்க. குரல் ஒடஞ்சு போச்சு. நான் கட் பண்ணி, நம்பரை பிளாக்கும் பண்ணிட்டேன்.

ஏமாத்தறவங்கன்னு நெனச்சு பேசிட்டேன்னுதான் எனக்கு நானே சொல்லிக்கினு இருந்தேன். அது பொய்யி. கவிதைன்னு சொன்னப்பவே எனக்கு தெரிஞ்சு போச்சு. அக்கா பேரை சொன்னப்ப நல்லாவே தெரிஞ்சுது. ஆனா எல்லாரும் என் வாயையே பாத்துக்கினு இருந்தாங்க... அந்த சிரிப்பு நிக்கக்கூடாதுன்னு இருந்துச்சு. அதுக்காகவா சொன்னேன்? ஆமா, அதுக்காகத்தான்.

சாயங்காலம் வேன்ல இருந்து எறங்கினவுடனே அக்கா கேட்டா.

"போன் வந்துச்சாடா?"

"வரல."

"கெட்ட வார்த்த பேசி தொரத்திட்டியா?"

சும்மா தமாசுக்குத்தான் கேட்டா. அந்தம்மாவ கூப்ட்டு உண்மைய சொல்லிடலாம்னு நெனச்சேன். என்னான்னு சொல்றது? செத்தவ பொழச்சுக்கினான்னா?

கொஞ்ச நாள் கழிச்சு வேற நம்பர்ல இருந்து ஒரு வீடியோ வந்துச்சு. கடையில பழைய டயர் மேல குந்திக்கினு பாத்தேன். பெரிய ஹாலு. கலர் கலரா மனுசங்க. மேடையில அக்கா பேரு தமிழ்லயே. பரிசு அவளுக்குத்தான். ஒரு அம்மா அவ கவிதைய தமிழ்ல படிச்சாங்க.

பூட்டின பெட்டிக்குள்ள
எல்லா வீடும் ஒண்ணா கூப்புடுது.
எந்த வீடு என் வீடுன்னு
வாட்ச்மேனுக்கும் தெரியல.

அதையே இன்னும் ரெண்டு மூணு பாஷையில படிச்சாங்க. அப்புறம்... அப்புறம் ஹாலு மொத்தமும் எழுந்து நின்னுச்சு. தலைய குனிஞ்சுக்கினு, பேச்சு மூச்சு இல்லாம.

எங்க அக்காவுக்கு மௌன அஞ்சலி. அவ அந்நேரம் கம்பெனியில சோப்பு பேக் பண்ணிக்கினு இருக்கறா...

வீடியோவ அழிச்சுட்டேன்.

அன்னிக்கு அம்மாவாண்ட சுத்தி வளைச்சு கேட்டேன். "உயிரோட இருக்கறவங்கள செத்துட்டாங்கன்னு எவனாவது சொல்லிட்டா என்னாம்மா ஆவும்?"

"ஆயுசு கெட்டியாவும்டா. நல்லதுதான். யார சொன்னாங்க?"

"கடைக்கு வர்ற டிரைவர் ஒருத்தர."

"அவரு நூறு வயசு இருப்பாரு, போ."

நம்ம ஊர்ல எல்லாரும் சொல்றதுதானே இது. அத புடிச்சுக்கினு இருந்தேன். நல்லதுதான் பண்ணிருக்கேன், அக்காவுக்கு ஆயுசு கூடிருக்குன்னு... நெஜமாவே நம்பினேன்.

அக்கா கேக்கறத விட்டுட்டா. வேன்ல எழுதறதையும் விட்டுட்டா, சாயங்காலம் வேன் வந்து நிக்கசொல்ல ஜன்னல்ல சாஞ்சு தூங்கிக்கினு இருப்பா. அதையும் நான் பாத்துக்கினுதான் இருந்தேன்.

அப்புறம் காய்ச்சல்னு படுத்தா. கொறையல. விழுப்புரம் ஆஸ்பத்திரியில சேத்தோம். கஞ்சி குடுக்கசொல்ல சொன்னா, "அந்த பெட்டி கவிதையில கடைசி வரி சரியில்லடா. அதான் கெடைக்கல போல."

வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா உனுக்கு எப்படி தெரியும்னு கேப்பா. நல்லாயி வீட்டுக்கு வரட்டும், அப்ப சொல்லி அடி வாங்கிக்கலாம்னு, "தூங்குக்கா"ன்னேன். விடிஞ்சு நான் டீ வாங்கிக்கினு வரசொல்ல அவ மூஞ்சி மேல துணி போட்டுட்டாங்க.

அடக்கம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல, அக்கா குடுத்திருந்த அட்ரசுக்கு அந்த விழாக்காரங்க அனுப்பின பார்சல் வந்துச்சு. பித்தளை தகடு. அதுல 'மறைந்த கவிஞர் அருள்மேரி'ன்னு செதுக்கி இருந்துச்சு. பக்கத்து வீட்டு லில்லி அக்கா படிச்சு காட்டினாங்க. "பாத்தியா, அதுக்குள்ள சேதி தெரிஞ்சு மறைந்தன்னு போட்டு அனுப்பிக்கிறாங்க. எவ்ளோ பெரிய மனுசங்க."

எங்கம்மா அந்த தகட்டுக்கு முத்தம் குடுத்துச்சு.

மறைந்தன்னு அந்த வார்த்தைய செதுக்கசொல்ல அக்கா உயிரோடதான் இருந்தா. என் பக்கத்துல குந்தி மீன் கொழம்பு சாப்ட்டுக்கினு இருந்தா. அது எனக்கு மட்டும்தான் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரியும்.

அத கல்லறையில பதிக்கணும்னு அம்மா சொல்லிடுச்சு. மாமா திண்டிவனத்துல கொத்தனாரு, வந்து சிமெண்டு கொழைச்சாரு. "நீ புடிச்சுக்கோடா. அவளுக்கு நீன்னா உசுரு"ன்னு அம்மா சொல்லிச்சு. காயற வரைக்கும் ரெண்டு கையால அழுத்தி புடிச்சுக்கினு நின்னேன். எழுத்து உள்ளங்கையில அழுந்திச்சு. அப்பவும் சொல்லல.

எனக்காக ஒண்ணும் வாணாம். எங்க அக்காவுக்காக எல்லாரும் ஜெபம் பண்ணுங்க. நீங்க எந்த சாமிய கும்புடறவங்களா இருந்தாலும் சரி. அருள்மேரின்னு பேரை மட்டும் சொல்லுங்க. அதுக்கு முன்னால அந்த வார்த்த வாணாம்.