ஹேடோவில் இல்லை என்று சொல்லாத கடை

போர்ட் பிளேரில் ஹேடோ துறைமுகத்துக்கு இறங்கும் சாலையில் டயானாவின் கடைக்குப் போய் எந்த எஞ்சின் சாமானைக் கேட்டாலும் "இல்லை" என்ற பதில் மட்டும் வராது. "பாப்போம்" என்று வரும். அந்தப் "பாப்போம்" முடிவதற்குள் கேட்டவனின் படகு மக்கிப் போய்விடும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். கேலி பேசியவர்களே மறுநாள் உடைந்த போல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கடை வாசலில் வந்து நிற்பதும் உண்டு.

அவள் கடை வைத்ததே ஒரு தற்செயல்தான். தூத்துக்குடியிலிருந்து டேவிட்டுக்கு வாழ்க்கைப்பட்டு போர்ட் பிளேருக்கு வந்தவள். டேவிட் தீவுக்குத் தீவு ஓடும் கப்பலில் வேலை பார்க்கிறான். வீட்டில் இருக்கிற நாளைவிடக் கடலில் இருக்கிற நாள்தான் அதிகம். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஜங்கிளிகாட் மீன் துறைக்குப் பக்கத்தில் டீக்கடை போட்டாள். படகு மெக்கானிக்குகள் வந்து உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டே, அது கிடைக்கவில்லை, இது கிடைக்கவில்லை என்று புலம்புவார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போன டயானா, ஒருநாள் சென்னைக் கப்பல் ஏறிய பக்கத்து வீட்டுக்காரர் கையில் ஒரு உடைந்த வால்வைப் பழந்துணியில் சுற்றிக் கொடுத்து, "இதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்று சொல்லியனுப்பினாள். அவரும் வாங்கி வந்தார். அதோடு ஆரம்பித்ததுதான். டீ குறைந்து சாமான் கூடி, கடையும் ஹேடோவுக்கு மாறி, கடைசியில் பாய்லரே பரணுக்குப் போய்விட்டது.

எஞ்சினைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. அவளாகக் கண்டுபிடித்துக்கொண்ட வழி ஒன்று உண்டு. எந்த எஞ்சினைப் பார்த்தாலும் அதன்மேல் ஒட்டியிருக்கும் கம்பெனிப் பெயரை அவள் நம்ப மாட்டாள். பர்ஸிலிருந்து ஒரு காசை எடுத்து இரும்பின் ஓரத்தில் பெயிண்டைச் சுரண்டுவாள். அடியில், இரும்பை வார்க்கும்போதே அச்சோடு வந்த எண் தெரியும்.

"மேல ஒட்டிருக்கது புகுந்த வீட்டுப் பேரு. அடியில கெடக்குதுல்லா, அதான் பொறந்த வீட்டுப் பேரு" என்பாள்.

அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. எங்கோ ஒரு தொழிற்சாலையில் வார்க்கப்பட்ட ஒரே எஞ்சின், நீல பெயிண்ட் அடித்தால் ஜெனரேட்டராகிறது, பச்சை அடித்தால் உழவு டிராக்டருக்குப் போகிறது, வெள்ளை அடித்துப் படகில் வைத்தால் மட்டும் விலை வானத்துக்கு ஏறிவிடுகிறது. பிறந்த வீட்டைக் கண்டுபிடித்துவிட்டால் கால்வாசி விலையில் காரியம் முடியும். ஹேடோவில் எத்தனையோ படகுகள் உழவு டிராக்டரின் சாமானைப் போட்டுக்கொண்டு ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பது அவளால்தான்.

ஏப்ரல் மாதத்தில் சங்கவி அவள் கடைக்கு வந்தாள். டெலானிபூர் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். பள்ளியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் பாய்மரப் படகு ஓட்டப் பழகியவளுக்கு அந்தப் பித்து பிறகு தெளியவே இல்லை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் இங்கேயே விற்றுவிட்டுப் போன பழைய பாய்மரப் படகைக் கடன் போட்டு வாங்கி, சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு மாலை நேரத்தில் ஒரு சுற்று சுற்றி வருவாள். பாய் விரித்துப் போவதெல்லாம் திறந்த கடலில்தான். துறைக்குள் புகவும் வெளியேறவும் டீசல் எஞ்சின் இல்லாமல் ஆகாது. அந்த எஞ்சினைச் சுத்தம் செய்து, ஆயில் மாற்றி, ஒரு குழந்தை மாதிரி அவளேதான் பார்த்துக்கொண்டாள்.

அப்படிப் பார்த்துக்கொண்ட எஞ்சினைத்தான் தண்ணீரில் மிதந்த ஒரு பிளாஸ்டிக் சாக்கு கெடுத்தது. குளிர்விக்கக் கடல் தண்ணீரை உறிஞ்சும் வாயில் போய் அடைத்துக்கொண்டது. எஞ்சின் கொதித்து, மேல் மூடியான ஹெட் விரிசல் விட்டுவிட்டது.

"ஆயில்ல தண்ணி கலந்து மோர் மாதிரி ஆயிடுச்சுக்கா" என்று சொல்லி, எரிந்து கருகிய கேஸ்கட்டை மேசைமேல் வைத்தாள் சங்கவி. ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கும் மெல்லிய தகடு அது. "வெல்டிங் வச்சுப் பாத்தேன். மறுபடி பிளந்துடுச்சு. கம்பெனி டீலர்கிட்ட கேட்டா, வெளிநாட்டுலேர்ந்து வரணுமாம். அந்த விலைக்கு நான் படகையே வித்துடலாம்."

"எப்ப வேணும்?"

"மாசக் கடைசில சர்வே இருக்கு. சர்வேயர் முன்னால படகு சொந்த எஞ்சின்ல ஓடிக் காட்டணும். இல்லன்னா லைசென்ஸ் நஹி. அடுத்த சர்வே மழைக்கு அப்புறம்தான். அது வரைக்கும் பேங்க்காரன் சும்மா இருக்க மாட்டான்க்கா, படகு போயிடும்." கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

டயானாவுக்கு அந்தப் பெண்ணை அந்தக் கணத்திலேயே பிடித்துப் போயிற்று. ஆயில் கறை படிந்த நகங்களோடு அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கிற ஒருத்தியை யாருக்குத்தான் பிடிக்காது?

"பாப்போம் பிள்ள" என்றாள்.

அன்றைக்கே படகுக்குப் போனாள். படகென்றாலே அவளுக்கு வயிற்றைப் புரட்டும். கப்பல்காரனின் மனைவி என்று வெளியே சொல்லிக்கொள்ள முடியாது. நங்கூரத்தில் கட்டியிருந்த படகு ஆடிய ஆட்டத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே குனிந்து, கழற்றி வைத்திருந்த ஹெட்டின் ஓரத்தைக் காசால் சுரண்டினாள். எண் தெரிந்தது. மூன்று சிலிண்டர். படகு கம்பெனி வார்த்தது இல்லை என்று மட்டும் உறுதியாகிவிட்டது.

கரை ஏறியதும் முதல் வேலையாகச் சென்னைக்கு ஃபோன் போட்டாள். புதுப்பேட்டையில் பழைய சாமான் விற்கும் ரவிக்குமார் அவளுக்குப் பல வருஷப் பழக்கம். எண்ணைச் சொன்னாள். மறுநாளே அவர், "இருக்குங்க, நல்ல கண்டிஷன்ல இருக்கு. வர்ற கப்பல்ல ஆள் கையில கொடுத்து விடுறேன்" என்றார். சங்கவி விலையைக் கேட்டுவிட்டு, நம்பாமல் இன்னொரு தடவை கேட்டாள்.

டயானாவின் கடைச் சுவரில் வரிசையாக ஆணிகள் அடித்திருக்கும். தேடிக்கொண்டிருக்கும் சாமானின் மாதிரியை ஆணியில் மாட்டிவைப்பாள், கிடைத்ததும்தான் இறக்குவாள். வந்த சாமானையும் கேட்டவர் வாங்கிப் போகும்வரை அதே ஆணியில் தொங்கவிடுவாள். சங்கவியின் கருகிய கேஸ்கட்டும் ஒரு ஆணியில் ஏறியது. சாமான் கப்பலில் வருகிறது, இனிக் காத்திருக்க வேண்டியதுதான் என்று இருவரும் நிம்மதியாக இருந்தார்கள்.

தீவுக்காரர்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய பழக்கம். எது தேவையென்றாலும் முகம் மெயின்லேண்ட் பக்கம்தான் திரும்பும். கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, கதவுக் கீலானாலும் சரி, கப்பலில் வந்தால்தான் அது சாமான். டயானா பிழைப்பு நடத்தியதே அந்தப் பழக்கத்தை வைத்துத்தான். அவள் மட்டும் அதற்கு விதிவிலக்கா?

வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகிவிட்டது. சென்னையில் கப்பலை நிறுத்திவைத்துவிட்டார்கள். இன்று கிளம்பும், நாளை கிளம்பும் என்று தள்ளிக்கொண்டே போனது. சங்கவி தினமும் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள். முதலில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவள், பிறகு எதுவும் கேட்பதில்லை. அதுதான் டயானாவை அதிகம் வதைத்தது.

சர்வே நெருங்கிவிட்ட ஒரு காலையில், கடையைத் திறந்து விளக்குமாற்றை எடுத்த டயானாவின் கை அப்படியே நின்றது. வாசல் வழியாக வெயில் நேராகச் சுவரில் விழுந்திருந்தது. சங்கவியின் கருகிய கேஸ்கட்டுக்குப் பக்கத்து ஆணியில், தூசி படிந்த ஒரு புது கேஸ்கட் தொங்கியது. மூன்று பெரிய வட்டம், ஓரத்தில் அதே கோணல் துளை. இரண்டின் நிழலும் சுவரில் ஒன்று போல விழுந்து கிடந்தது.

அவள் இரண்டையும் இறக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். இம்மியும் பிசகவில்லை.

புது கேஸ்கட் அடைக்கலசாமி அண்ணாச்சியுடையது. ஷாதிபூரில் இருக்கும் மீன் வியாபாரி. அவருடைய பழைய ஐஸ் லாரியின் நெற்றியில், மீனைக் குளிர வைக்கத் தனியாக ஒரு சின்ன டீசல் எஞ்சின் உண்டு. அதற்கென்று என்றோ ஆர்டர் கொடுத்துவிட்டு, காசு கொடுக்க மனம் வராமல் அவர் வாங்காமலே விட்ட கேஸ்கட் அது. அவர் கை இறுக்கம் ஊரறிந்தது.

டயானா தலையில் அடித்துக்கொண்டாள். வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. "கண்ணு முன்னாலயே ரெண்டும் தொங்குது. நான் சென்னையப் பாத்துக்கிட்டு இருந்துருக்கேனே!" என்று ஆளில்லாத கடையில் சத்தமாகவே சொன்னாள். கடையைப் பாதி இழுத்துச் சாத்திவிட்டு, சங்கவியை ஃபோனில் கூப்பிட்டு, ஆட்டோ பிடித்து ஷாதிபூர் போனாள்.

வீட்டுக்குப் பின்னால் அந்த லாரி டயர் இல்லாமல் நின்றது. மீன் பெட்டிக்குள் அண்ணாச்சியின் மனைவி செல்வம்மாள் கோழி வளர்த்துக்கொண்டிருந்தாள். டயானா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு டிரைவர் கேபின் மேல் ஏறிவிட்டாள். மூடியைத் திறந்து காசை எடுத்துச் சுரண்டினாள். கீழே சங்கவி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதே பொறந்த வீடு பிள்ள!" மேலிருந்து குரல் வந்தது.

சத்தம் கேட்டு வெளியே வந்தார் அடைக்கலசாமி. "ஏ டயானா, என் வண்டி மேல ஏறி நின்னு என்ன செய்யுத?"

"அண்ணாச்சி, இந்த ஹெட்டு எனக்கு வேணும்."

"அது எப்படி? நான் வண்டியச் சரி பண்ணப் போறம்லா!"

"அப்ப என் கோழி எங்க போகும்?" என்றாள் செல்வம்மாள். கணவர் வண்டியைச் சரிபண்ணப் போவதாகச் சொல்வது அவளுக்குப் பழகிப்போன ஒன்றுதான்; இருந்தாலும் கேட்டுவைத்தாள்.

டயானா கீழே இறங்கி அவர் முன்னால் நின்றாள். "சும்மா கேக்கல அண்ணாச்சி. சென்னையிலேருந்து இதே ஹெட்டு கப்பல்ல வருது. வந்ததும் அது உங்களுக்கு. உங்களுது இப்ப இந்தப் பிள்ளைக்கு. என் வார்த்தைய நம்பித் தாங்க. அவ படகு போயிரும்."

அடைக்கலசாமி சங்கவியைப் பார்த்தார். அந்தப் பெண் கையில் ஸ்பானரைத் தயாராக வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கொடுக்கதுக்கு முன்னாலயே ஸ்பானரோட வந்து நிக்கா பாரு. கழட்டு, கழட்டு" என்றார்.

ஹெட்டைச் சங்கவியே கழற்றி, தேய்த்து, வால்வுகளைச் சரிபார்த்துப் பூட்டினாள். அண்ணாச்சி வாங்காமல் விட்ட கேஸ்கட்டே நடுவில் உட்கார்ந்தது. எஞ்சின் கொஞ்சம் திக்கியது, கறுப்பாகப் புகை கக்கியது, பிறகு நிதானமாகப் பிடித்துக்கொண்டது. சர்வேயர் வந்த அன்று படகு துறையைச் சுற்றி ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடிக் காட்டியது. கரையில் நின்ற டயானா தன்னை மறந்து கை தட்டினாள். இறங்கி வந்த சங்கவி அவளைக் கட்டிப்பிடித்ததில் சேலை முழுக்க கிரீஸ்.

புயல் ஓய்ந்து கப்பல் வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற, அடைக்கலசாமியைக் கையோடு கூட்டிக்கொண்டு டயானா துறைமுக வாசலுக்குப் போனாள். சங்கவியும் கூட வந்தாள். கப்பலில் வந்த ஆள் கனமான சாக்கு மூட்டையைக் கொடுத்துவிட்டுப் போனான். டயானா கயிற்றை அவிழ்த்தாள்.

ஹெட் பளபளவென்று இருந்தது. ஆனால் நீளமாக இருந்தது. புரட்டிப் பார்த்தாள். நான்கு சிலிண்டர் ஹெட். ரவிக்குமாரின் கடையில் மூட்டை மாற்றிக் கட்டிவிட்டார்கள்.

கப்பலுக்காகவே காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சங்கவிக்குப் புரிந்தது.

டயானாவின் நினைப்பு வேறு. கொடுத்த வார்த்தை பொய்யாகிவிட்டதே என்று அவள் தவித்தாள். "அண்ணாச்சி..." என்று ஆரம்பித்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக "இல்லை" என்ற சொல் அவள் வாய்வரை வந்துவிட்டது.

"விடு டயானா" என்றார் கை இறுகிய அந்த மனிதர். "அந்த வண்டிய நான் சரி பண்ணப் போறதில்லன்னு எனக்கும் தெரியும், கோழிக்கும் தெரியும். அந்தப் பிள்ளை படகு ஓடுதுல்லா, அது போதும்."

டயானா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து சுற்றும் முற்றும் பார்த்தாள். துறைமுகத்தில் லாரிகள் வரிசையில் நின்றன. கிரேன் ஒன்று இரைந்துகொண்டிருந்தது. கேன்டீனுக்குப் பின்னால் செத்துப்போன ஜெனரேட்டர் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது.

"பாப்போம் அண்ணாச்சி, உங்களுக்கு மூணு சிலிண்டர் ஹெட்டு இந்த ஊருலயே எங்கயோ கெடக்கு. மெயின்லேண்ட அப்புறம் பாத்துக்கிடலாம்" என்றாள்.

பர்ஸைத் திறந்து காசை எடுத்துக்கொண்டு அவள் ஜெனரேட்டரை நோக்கி நடந்தாள். சங்கவி சாக்கு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.