சிவப்பு எழுத்தில் 1190

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். நடந்தது நடந்ததுதான். ராத்திரியும் இல்லை, சுடுகாடும் இல்லை. பட்டப்பகல், பதினொன்றே முக்கால். நானும் அந்தக் காரில் இருந்தேன்.

என் பெரியப்பா மகனை நாங்கள் எல்லோரும் 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவோம். எதையும் அளக்காமல் விடமாட்டார். மாதம் பிறந்தால் வீட்டில் இருக்கிற எல்லோரையும் எடை மெஷினில் ஏற்றி நிறுத்துவார். நான் 64, அண்ணி 58, அவர் 71. அவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டதில் அண்ணிக்குப் பிறந்த வீடு இல்லாமல் போய் மூன்று வருடம். அதை நினைத்து அவள் அழாத நாள் குறைவு. அப்படிப்பட்டவளின் வாசலில், அன்று காலை பத்து பத்துக்கு, அவள் தம்பி வந்து நின்றான்.

"அக்கா, அம்மா உன்னைப் பாக்கணும். கெளம்பு."

அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. சிரித்தாள், அழுதாள், செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அவன் அதற்குள் எங்கள் காரின் பின்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து டயரில் இருந்த எண்ணைத் தடவிக்கொண்டிருந்தான்.

"மாமா, டயர் தேஞ்சு வழுக்கையா இருக்கு. அதுவும் 79. மலைப்பாதை. மாத்திட்டுப் போயிடலாம்."

வழியில் ஒரு டயர் கடை. நம் மீட்டர் மறுபடியும் 79 கேட்டார். விலை குறைவு. கடைக்காரர் தலையை ஆட்டினார்.

"79ன்னா ஒரு டயர் 437 கிலோ தாங்கும். உங்க வண்டிக்குப் போட வேண்டியது 82. அது 475."

"நாலு டயருக்கு 1748 ஆச்சே! எங்க வெயிட் 1400 கூட வராதுங்க."

"நிக்கிற வண்டிக்கு அந்தக் கணக்கு சரி. வளைவுல, இறக்கத்துல மொத்த பாரமும் ஒரு பக்கம் சாயும். அப்ப தாங்கணும்ல?"

மீட்டர் விடவில்லை. எதிரிலேயே லாரிகளுக்கான எடைமேடை இருந்தது. நிறுத்துக் காட்டுகிறேன் என்று காரை அதன் மேல் ஏற்றினார். திரும்பும்போது பின்சீட்டில் நான் தம்பி மேல் சாய்ந்தேன். அவன் துளிகூட அசையவில்லை. சட்டை மட்டும் சில்லென்று இருந்தது. ஏசி கூடப் போடாமல் கண்ணாடியெல்லாம் திறந்து கிடந்த கார் அது...

"காலி வண்டி 1080. பெட்டி, பை எல்லாம் 40. நாம மூணு பேரு. மச்சானுக்கு 75 போட்டா... 1388."

எதிரே பலகையில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன.

1315.

"ஒரு ஆள் குறையுதே" என்றார். ஸ்டியரிங்கில் விரல்கள் தட்டத் தொடங்கின. டக்... டக்... டக்... கணக்கு இடித்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. என்னை இறங்கச் சொன்னார். 1250. சரி. அண்ணி சிரித்துக்கொண்டே இறங்கினாள். 1190. அதுவும் சரி.

"மச்சான், நீயும் இறங்கு."

கதவு திறந்தது. சாத்திக்கொண்டது. டப்.

1190.

மணி 11.46. விரல் தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

"திரும்ப ஏறு..." என்றார்.

டப்.

1190.

நான் பலகையையும் பின்சீட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். அண்ணி மட்டும் எதையும் கவனிக்கவில்லை. அம்மாவிடம் முதலில் என்ன பேசுவது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி பின்சீட்டிலிருந்து மெதுவாகச் சொன்னான்.

"82 போடுங்க மாமா. அக்கா பத்திரமா போய்ச் சேரணும்."

மீட்டர் பின்னால் திரும்பவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்தார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. எனக்கும்தான். கடைக்குப் போய் 82 மாட்டச் சொன்னார். விலைகூடக் கேட்கவில்லை.

மலையில் நான் சீட்டின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு வந்தேன். மூன்றாவது வளைவில், சாலையோரம் சிமென்ட் மூட்டைகள் சிதறிக் கிடந்தன. ஒரு கணம்தான் அதைப் பார்த்தேன்.

திரும்பினேன்.

பக்கத்தில் யாரும் இல்லை.

கதவு திறக்கவில்லை. கார் நிற்கவும் இல்லை...

கண்ணாடியில் மீட்டரின் கண்கள் என்னைப் பார்த்தன. "பேசாம வா" என்றார்.

3.20க்கு அண்ணியின் பிறந்த வீடு. வாசல் நிறையக் கூட்டம். அண்ணி ஓடினாள். கூடத்தில் அவள் தம்பியைப் படுக்க வைத்திருந்தார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் 5.40. அவன் சிமென்ட் மூட்டை ஏற்றி ஓட்டி வந்த காரின் பின்டயர் வெடித்ததாம். மூன்றாவது வளைவு. விலை குறைவு என்று அவன் வாங்கிப் போட்டிருந்ததும் 79 தான்.

அம்மா அண்ணியைக் கட்டிக்கொண்டு கதறினாள். பிறகு சட்டென்று நிறுத்தி, அவள் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"உனக்கு எப்படிடீ தெரிஞ்சுது? நேத்துலேருந்து நீ எங்க இருக்கன்னு தெரியாம தவிச்சோமே. உன் வீடு, உன் போன் நம்பர்... அவனுக்கு மட்டும்தானே தெரியும்?"