நோட்டில் கையெழுத்துப் போட்டவர்

ஊரில் முதன்முதலாகக் காகிதத்தில் பணம் அடித்த தனியார் வங்கி அது. கடல் கடந்து வந்த இரண்டு துரைமார் நடத்தினார்கள். ஒரு நோட்டு செல்ல வேண்டுமானால் அதில் இரண்டு கையெழுத்து இருக்க வேண்டும். ஒன்று பெரிய துரையுடையது. கோழி கிளறியது போலிருக்கும். மற்றது தலைமைக் குமாஸ்தாவுடையது. வாலைச் சுழித்து, அடியில் இரண்டு கோடு இழுப்பார். நாள் முழுக்க அவர் பார்த்த வேலை அவ்வளவுதான். அதற்கே தலைகால் புரியவில்லை மனுஷனுக்கு.

"நான் போட்டாத்தான் அது பணம். இல்லேன்னா பொட்டலம் மடிக்கிற காகிதம்" என்று தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொல்வார். மனைவியின் வளையல்களை விற்கவைத்து, அந்தக் காசையும் நோட்டாக்கிக் கொடுத்தார்.

ஒரு காலை வங்கிக் கதவு திறக்கவில்லை. துரைமார் பெட்டகத்தில் இருந்த வெள்ளிக் காசையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார்கள். கூட்டம் குமாஸ்தா வீட்டுக்குத் திரும்பியது. ஒரு கொத்தனார் அவர்மேல் வழக்கே போட்டார்.

"இது உன் கையெழுத்தா?" என்றார் நீதிபதி.

"இல்லீங்க ஐயா. யாரோ என்னை மாதிரியே போட்டிருக்காங்க."

போட்டுக் காட்டச் சொன்னார்கள். வாலும் இல்லாமல் கோடும் இல்லாமல் கோணல்மாணலாக ஒன்றைக் கிறுக்கினார்.

"நேத்துவரைக்கும் என் தோளைப் புடிச்சு நிறுத்திப் பீத்திக்கிட்டீங்களே, குமாஸ்தாவையா!" என்றார் கொத்தனார். வழக்கு தள்ளுபடியானது.

அடுத்த மாதம் சர்க்கார் அதிகாரிகள் வங்கிக் கட்டடத்தை ஏலம் விட்டு, நோட்டுக்குப் பாதிப் பணம் தருவதாக அறிவித்தார்கள். குமாஸ்தாவின் மனைவி முதல் ஆளாகப் போய் நின்றாள்.

"இந்தக் கையெழுத்தே போலின்னு உங்க வீட்டுக்காரர் சத்தியம் பண்ணியிருக்காரேம்மா. போலி நோட்டுக்கு எப்படிக் குடுக்கிறது?" என்றார் அதிகாரி. பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் அதே பதில்தான்.

வீட்டுக்கு வந்தவள் கேட்டாள்: "போய் உண்மையைச் சொல்றீங்களா, இல்லியா?"

"சொன்னா பொய்ச் சத்தியம்னு உள்ள தள்ளுவாங்கடி."

"ஊரே வயித்துல ஈரத்துணியைப் போட்டுக்கிட்டு நிக்குது. உங்களுக்கு உங்க தோலுதான் பெருசு!"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கல்யாணமான புதிதில் அவளுக்கு எழுதிய கடிதங்களில்கூட அந்த மகானுபாவர் முழுக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவள் அவற்றை அள்ளிக்கொண்டு நேராக நீதிமன்றத்துக்குப் போனாள்.

ஊருக்குப் பாதிப் பணம் கிடைத்தது. குமாஸ்தாவுக்கு ஆறு மாதம் கிடைத்தது. வெளியே வந்ததும் சிறைச் சோற்றில் கல் கிடந்ததாக எல்லோரிடமும் புலம்பினார். கேட்டு நிற்கத்தான் ஆளில்லை.