கேட்காமல் போன ஆறு நிமிடம்

இங்கே பாட்டுக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கி வருகிறவர்களுக்கு வாசலிலேயே காதை அடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுக்கிறோம். கொடுப்பது என் வேலை. புஷோன் என்று பெயர். மஞ்சள் நிறம், விரல் நுனி அளவு, ஜோடி ஜோடியாகப் பையில் இருக்கும். காசு கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்க வந்தவனுக்கு எதற்குக் காதை அடைக்கிறோம் என்று மேலாள் நாதலியிடம் கேட்டேன். என் பிரெஞ்சு அவளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, எனக்கும் ஒரு ஜோடி வேண்டும் போல என்று நினைத்து எடுத்துக் கொடுத்தாள். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

எனக்குக் கூட்டேரிப்பட்டு. எட்டாவது வரைக்கும் படித்தேன். மனைவி புதுச்சேரிக்காரி, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அந்த வழியில் பாரிஸ் பக்கம் வந்து சேர்ந்தேன். ஊரில் மைக் செட் வைத்திருந்தேன். திண்டிவனத்தில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. திருவிழாவுக்கும் மாதா கோயில் தேருக்கும் அவர்களோடு போவேன். மேடைக்கு எதிரே மேசை போட்டு, சத்தத்தை ஏற்றி இறக்குகிற மிக்ஸரில் உட்காருவது நான். இவ்வளவு சொன்னால் போதும். சொல்ல வந்தது வேறு.

போன ஜூன் மாதம் எங்கள் அரங்கத்தில் ஒரு குழு இரண்டு நாள் வாசித்தது. சைக்கடெலிக் பாப் என்று சொன்னார்கள். தண்ணீருக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி குரல். பின்னால் பெரிய திரையில் எண்ணெயும் சாயமும் கலந்து ஓடுகிற மாதிரி வெளிச்சம். நம் ஊரில் போகஸ் லைட்டுக்கு முன்னால் கலர்த்தாள் ஒட்டின சக்கரத்தைச் சுற்றவிடுவோம். அதைத்தான் இவர்கள் பெரிதாகச் செய்கிறார்கள். முதல் நாள் கதவு திறந்தபோது எல்லாரும் சந்தோஷமாக உள்ளே போனார்கள். பாதியிலேயே ஒருவர் வெளியே வந்துவிட்டார். வெள்ளைத் தாடி. அந்தக் குழுவின் படம் போட்ட பழைய பனியன். மூன்று நிமிடப் பாட்டைக் கால் மணி நேரம் இழுக்கிறார்கள், பாட்டு எங்கே போனது என்றே தெரியவில்லை என்றார். உனக்கு எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டார். நான் வாசலில் நின்றேன் என்றேன். கொடுத்துவைத்தவன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முடிந்ததும் மற்றவர்கள் வந்தார்கள். ஒன்பதரை மணி, இன்னும் வெயில் இருந்தது. ஒரு புருஷன் பெண்சாதி சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். அவனுக்கு அந்த நீட்டல்தான் பிடித்ததாம். அவளுக்கு வீட்டில் கேட்கிற மாதிரி இல்லையாம். ஒரு பெண் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். காசு வீணாகிவிட்டதே என்று அழுகிறாள் என நினைத்தேன். கைத்துடைப்புத் தாளை நீட்டி, பரவாயில்லை, சே பா கிராவ் என்றேன். அவள் சிரித்துவிட்டாள். இல்லை மிஸ்யே, நன்றாக இருந்தது, அதனால்தான் என்றாள். அதே வாசிப்பு. ஒருவர் கோபத்தோடு போகிறார். ஒருத்தி அழுகிறாள். யாரும் மேடையைப் பார்த்துக் கத்தவில்லை. கேட்டார்கள், கேட்டு முடித்துவிட்டு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

கீழே கிடந்த புஷோனையெல்லாம் பெருக்கி அள்ளினேன். அள்ளும்போது ஆரோக்கியத்தை நினைத்துக்கொண்டேன்.

ஆரோக்கியம் அந்தத் திண்டிவனம் குழுவின் கீபோர்டு. என் வயதுதான். நம் ஊர்க் கச்சேரிக்கு ஒரு சட்டம் உண்டு, உங்களுக்குத் தெரியும். கேசட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே வாசிக்க வேண்டும். நடுவில் வருகிற புல்லாங்குழல் துண்டு ஒரு மூச்சு குறைந்தாலும் விசில் பறக்கும். துண்டுச்சீட்டில் பாட்டு எழுதி மேடைக்கு அனுப்புவார்கள், அதைப் பாடித்தான் ஆக வேண்டும். ஆரோக்கியம் அதில் கெட்டிக்காரன். வீணையா, வயலினா, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வித்தியாசம் தெரியாது. ஆனால் வேனில் போகும்போது மடியில் கீபோர்டை வைத்துக்கொண்டு வேறு என்னவோ வாசிப்பான். எந்தப் பாட்டிலும் இல்லாதது.

ஒரு வருடம் அனந்தபுரத்தில் கோயில் திருவிழாக் கச்சேரி. நல்ல கூட்டம். ஒரு பாட்டின் நடுவில் இசைத்துண்டு வந்தது. அது முடிந்தும் ஆரோக்கியம் நிறுத்தவில்லை. பாடுகிறவரைக் கையால் அமர்த்திவிட்டு மேலே வாசித்தான். வேனில் வாசிப்பானே, அது. டிரம்ஸ்காரரும் கூடவே போனார். முன்னால் இரண்டு பேர் எழுந்து ஆடினார்கள். பின்னாலிருந்து, “ஏய், பாட்டப் பாடுங்கப்பா” என்று ஒரு குரல் வந்தது. ஒரு நிமிடம் ஆகியிருக்கும். விழாக் கமிட்டிக்காரர் வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“ஏம்பா மைக்செட்டு, அவன் என்னாத்த நோண்டிக்கினு இருக்கான்?”

“புதுசா வாசிக்கிறான்ணே.”

“புதுசா வாசிக்க அவன் ஊட்டுக் கல்யாணமா? கொற. ஜல்தி.”

கமிட்டி கை காட்டினால் குறைப்பதுதான் மைக் செட்காரன் வேலை. அப்படித்தான் பழகியிருந்தேன். கீபோர்டின் சத்தத்தை மெதுவாக இறக்கிப் பூஜ்யத்தில் வைத்தேன். ஆனால் மேடைக்குள் வாசிக்கிறவர்களுக்குக் கேட்கிற மானிட்டர் பாக்ஸை அப்படியே விட்டேன். இன்னும் கொஞ்சம் ஏற்றியும் வைத்தேன். அவன் மனசு கஷ்டப்படக் கூடாது என்று நினைத்தேன். அதுதான் தப்பு. மேடையில் எல்லாருக்கும் கேட்டது. கீழே ஜனத்துக்கு டிரம்ஸ் மட்டும் டொக்டொக் என்று கேட்டது. அவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆரோக்கியம் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் ஆறு நிமிடம் வாசித்தான். முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தான். ஒருவரும் கைதட்டவில்லை.

திரும்பும்போது கூட்டேரிப்பட்டு ரோட்டில் வேனை நிறுத்தி டீ குடித்தோம்.

“எப்டிடா இருந்துச்சி?” என்றான்.

“நல்லா இருந்துச்சி.”

“அப்புறம் ஏண்டா ஒருத்தனும் கைதட்டல?”

நான் டீயைக் குடித்தேன்.

“சரி வுடு. ஜனங்களுக்குப் புடிக்கல. ரெக்கார்டுல இருக்கறதையே வாசிச்சிட்டுப் போவோம்” என்றான். அப்படியே செய்தான். அதற்குப் பிறகு வேனிலும் வாசிக்கவில்லை. குழு கலைந்தது. இப்போது திண்டிவனத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டுப் புத்தகத்தில் இருப்பதை வாசிக்கிறான். எனக்கு அப்பப்போ போன் செய்வான். இந்த ஒன்றை மட்டும் நான் சொன்னதே இல்லை.

இரண்டாம் நாள், கதவு திறப்பதற்கு முன்னால் குழு சத்தம் சரிபார்த்துக்கொண்டிருந்தது. நான் உள்ளே போய் மிக்ஸர் பக்கம் நின்றேன். இங்கே மிக்ஸர்காரரைச் சுற்றிக் கம்பித் தடுப்பு இருக்கிறது. யாரும் போய்த் தோளைப் பிடிக்க முடியாது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்து ஆரோக்கியத்துக்குப் போன் போட்டேன். அங்கே கடை மூடுகிற நேரம்.

“என்னாடா ஏழுமல, வேல நேரத்துல போனு?”

“அனந்தபுரத்துல நீ வாசிச்சியே. அத நான் கொறச்சிட்டேன்.”

“எத?”

“கீபோர்ட. கமிட்டிக்காரரு சொன்னாரு. ஜனத்துக்குக் கேக்கல.”

அந்தப் பக்கம் ஷட்டர் இழுக்கிற சத்தம் பாதியில் நின்றது.

“எனக்கு நல்லா கேட்டுதே.”

“உனக்கு மட்டும் ஏத்தி வச்சேன்.”

“எவ்ளோ நேரம்?”

“மொத ஒரு நிமிஷம் கேட்டாங்க. அப்புறம் கடசி வரைக்கும் இல்ல.”

“அப்போ ஜனங்களுக்குப் புடிக்காமப் போவல.”

“தெரியல. அவங்க கேக்கவே இல்ல.”

“யாருமே கேக்கல.”

“நான் கேட்டேன். ஹெட்போன்ல.”

மிக்ஸரில் ஒரு பொத்தான் உண்டு. வெளியே சத்தமில்லாவிட்டாலும் அதை அழுத்தினால் ஹெட்போனில் தனியாகக் கேட்கும். அன்று அதை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“எப்டி இருந்துச்சி?” என்றான். டீக்கடையில் கேட்ட அதே மாதிரி.

“நடுவுல கொஞ்சம் இழுத்துட்ட. அப்புறம் மேல போன பாரு, அது ரொம்ப நல்லா இருந்துச்சி.”

“இத்தினி வருசம் கழிச்சி சொல்ற. பேஜாரு புடிச்சவன்டா நீ.”

போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு மூன்று வாரம் போன் வரவில்லை. நானும் செய்யவில்லை.

நேற்று சாயங்காலம் வாசலில் நின்றபோது அவனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. உள்ளே வேறு ஒரு குழு, பெரிய சத்தம். சட்டைப் பையிலிருந்து என் புஷோன் ஒன்றை எடுத்து இடது காதில் அடைத்தேன். போனை வலது காதில் வைத்தேன். பேச்சு எதுவும் இல்லை. கீபோர்டு மட்டும். அனந்தபுரத்தில் வாசித்தது இல்லை அது, எந்தப் பாட்டிலும் இருப்பதும் இல்லை. பழையது அவனுக்கு மறந்திருக்கும். எனக்குத்தான் ஞாபகம் இருக்கிறது. விரல் இரண்டு இடத்தில் தடுக்கியது. பின்னால் பஸ் ஹாரன், யாரோ ரீசார்ஜ் கேட்கிற சத்தம். அவன் நிறுத்தவில்லை.

தாமதமாக வந்த ஒரு பெண் கையை நீட்டி, “புஷோன்?” என்றாள். ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தேன். என் ஜோடியில் மற்றது சட்டைப் பையில் இருந்தது. அதை அடைத்துக்கொள்ளவில்லை. காலுக்கடியில் பாரிஸ் தரை அதிர்ந்துகொண்டிருந்தது. வலது காதில் திண்டிவனம் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தது.