குடி மாறாத வீடு

துருக்கியில் எங்கள் மாலாத்யா ஊரில் ஹுல்கி மாதிரி ஒரு வீட்டுக்காரர் கிடைக்க மாட்டார். கீழே அவரும் மனைவியும், மாடியில் வாடகைக்கு நெர்கிஸ் டீச்சர். வாடகையை ஏற்ற மாட்டார். ஆப்ரிகாட் பழுக்கும் நாளில் ஒரு கூடை மாடிக்குப் போய்விடும். டீச்சர் வந்த பிறகு வேறு குடித்தனம் அங்கே கால் வைத்ததில்லை.

எதிர்வீட்டு வெய்செலோ, தன் மாடிக் குடித்தனக்காரர் குளித்தால்கூடக் கத்துவார். வருடம் திரும்புவதற்குள் வந்தவர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள்.

நிலநடுக்கக் காப்பீடு எல்லா வீட்டுக்கும் கட்டாயம்தான். ஆனால் புதுக் குடித்தனக்காரர் பெயருக்கு மின் இணைப்பு மாற்றும்போதுதான் அதைக் கேட்பார்கள். அதனால் எங்கள் தெருவில் அதற்குக் கரண்டுக் காப்பீடு என்றே பெயர். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டுமாம். விளக்குதான் எரிகிறதே, யார் புதுப்பிப்பார்கள்?

"மறுபடியும் அந்தக் காப்பீட்டுக்குத் தண்டம் அழுதுட்டு வர்றேன் அண்ணே," என்று டீக்கடையில் வெய்செல் புலம்புவார்.

"உன் வாய்க்கு நீ கட்டுற வரிடா அது! என்னைப் பாரு, டீச்சர் வந்தப்பக் கட்டினதோட சரி," என்பார் ஹுல்கி. நாங்கள் எல்லோரும் சிரிப்போம். நானும்தான்.

ஒரு குளிர்காலத்தில் பூமி ஆடியது. இரண்டு வீடுகளும் விழுந்தன. ஆட்கள் தப்பியது கடவுள் புண்ணியம்.

வெய்செலின் காப்பீடு புத்தம் புதிது. முந்தைய மாதம்தான் ஒரு குடித்தனம் ஓடி, இன்னொன்று வந்திருந்தது. ஹுல்கியுடையது காலாவதியாகி வெகுகாலம். கத்துகிறவனுக்குப் பணம், நல்ல மனுஷனுக்குத் தகரக் கொட்டகை. எனக்கு வயிறு எரிந்தது.

"நான் அப்பவே சண்டை போட்டுட்டுக் கிளம்பியிருக்கணும் அண்ணே," என்று டீச்சர் அழுதார்.

"உனக்கு எங்கம்மா சண்டை போட வரும்?" என்றார் ஹுல்கி. அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

வெய்செல் புது வீடு கட்டினார். அவர் வாய்க்குப் பயந்து மாடிக்கு யாரும் வரவில்லை. கடைசியில் ஹுல்கிதான் அங்கே குடி போனார். மின் இணைப்புக்காக வெய்செல் காப்பீடு எடுத்தார். ஹுல்கி சத்தம் போடுவதில்லை, வாடகை தவறுவதில்லை. அப்படி ஒரு குடித்தனக்காரர் வெய்செலுக்கு வாய்த்ததே இல்லை.

ஒரு வருடம் போனது. டீக்கடையில் ஹுல்கி ஆரம்பித்தார்: "வெய்செல், காப்பீடு முடிஞ்சிருக்குமே, புதுப்பிச்சியா?"

வெய்செல் பதறிப்போனார். "எதுக்கு அண்ணே? காலி பண்ணப் போறீங்களா?"